அப்பா உன்னைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்

சாந்தோம், சென்னை
நவம்பர் 9

அன்புள்ள மகன் டெரன்ஸுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் இங்கே நானும் அக்கா கரோலும் அவள் வீட்டுக்காரரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த அளவுக்கு நலம். அங்கே நீயும் சான்ட்ராவும் பிறந்திருக்கிற குட்டியும் அந்தக் குளிருக்குப் பத்திரமாக, நேரத்துக்குச் சாப்பிட்டு, முடிந்தபோது தூங்கி, நல்லபடியாக இருக்க வேண்டுமென்று காலைப் பூசையில் தினமும் கேட்டுக்கொள்கிறேன். செப்டம்பரிலிருந்து நீ போனை எடுப்பதில்லை, அனுப்புகிற மெசேஜையும் பார்ப்பதில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் போடுகிறார்கள் என்று கரோல் கேட்டாள். போனை நீ துண்டிக்கலாம், கடிதத்தைக் கிழிப்பதற்கு முன்னால் முதல் நாலு வரியாவது படிப்பாய் என்று சொன்னேன். முப்பத்தோரு வருஷம் கரும்பலகையில் எழுதின கை, இப்போது ஒரு பக்கம் எழுதுவதற்குள் விரல் மரத்துப்போகிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. கல்லறைத் திருநாள் அன்றைக்கு மட்டும் ஆண்டவர் ரெண்டு மணி நேரம் விட்டுக்கொடுத்தார், அப்பா கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி வைத்து, சாமியாரிடம் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கச் சொல்லிவிட்டு வந்தோம். மண் இன்னும் சரியாக இறங்கவில்லை, அதனால் கல் பதிக்கப் பொங்கல் வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறார்கள். என் முழங்கால் இந்த ஈரத்துக்கு மடங்குவதே இல்லை, நின்றபடியே ஜெபம் சொன்னேன். கரோலுக்குப் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன், அவளும் பாதி ராத்திரி நோட்டு திருத்துகிறாள். பெசன்ட் நகர் அபார்ட்மெண்டில் அப்பா பார்த்த வாட்ச்மேன் இடத்துக்கு ஒரு பையனைப் போட்டிருக்கிறார்களாம், அவன் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்று செக்ரட்டரி கோமளம் மாமி போனில் குறைப்பட்டுக்கொண்டார்கள். நான் என்ன சொல்வது, சரி மாமி சரி மாமி என்று கேட்டுக்கொண்டேன்.

நான் எழுத உட்கார்ந்தது இதற்கில்லை. அப்பாவை அடக்கம் பண்ணின அன்று சாயந்திரம், அவர் ஒன்பது வாரமாகப் படுக்கையில் இருந்தார் என்று கரோல் உன்னிடம் உண்மையைச் சொன்னாள், உடனே நீ என்னைப் போனில் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டாய். எனக்குச் சொல்ல வேணாம்னு அப்பாவே சொன்னாரா என்று கேட்டாய். நான் வாயைத் திறக்கவில்லை. வீடு நிறைய ஜனம், போன் காதில் இருக்கிறது. நீ அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாய். நீங்களே எல்லாம் முடிவு பண்ணிக்கிட்டீங்க, இனிமே நீங்களே பார்த்துக்குங்க என்று சொல்லி வைத்துவிட்டாய். அதற்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன் தம்பி. அப்பா அப்படிச் சொல்லவில்லை. ஆரம்பத்திலிருந்து உன்னைத்தான் கேட்டார். உனக்குச் சொல்லாதது நான். நான் ஒருத்தி மட்டும்தான்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். மே மாதத்திலிருந்தே அவருக்கு இருமல். உனக்குத்தான் தெரியுமே, காய்ச்சல் வந்தால்கூட ஒரு மிளகு கஷாயத்தைக் குடித்துவிட்டு நாலரைக்கு எழுந்து ஷூவுக்குப் பாலிஷ் போடுகிற மனுஷர். பட்டாளத்தில் இருபத்து நாலு வருஷம் மலை ரோட்டில் லாரி ஓட்டினவர், ஹவில்தாராக வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே வேலை தேடிக் கிளம்பிவிட்டார். அப்போது உனக்கு எட்டு வயசு. நீ அவரிடம் போய் எப்போ திரும்பிப் போவீங்க என்று கேட்டாய், லீவில் வருகிற ஆள் என்றுதானே உனக்குத் தெரியும். அவர் சிரித்துக்கொண்டே, இனி நீ போகச் சொன்னாத்தான் போவேன் என்றார். பதினோரு வருஷம் ஸ்கூல் பஸ், அப்புறம் தி.நகரில் ஜவுளிக்கடை வாசலில் காவல். தீபாவளி சமயத்தில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருவார், கால் நரம்பெல்லாம் கயிறு மாதிரி புடைத்திருக்கும், நான் வெந்நீர் வைத்தால் நீ போய்ப் படு, காலையில ஸ்கூலுக்குப் போகணும் என்பார். கடைசியில் அந்த அபார்ட்மெண்ட். எழுபத்தொரு வயசிலும் தண்ணி லாரி வந்தால் அவர்தான் ஹோஸ் பிடிப்பார். ஜூன் கடைசியில் ஒருநாள் பத்து மணிக்குக் கோமளம் மாமி போன் பண்ணினார்கள். உங்க ஆத்துக்காரர் மோட்டார் ரூம் படியில உட்கார்ந்துண்டிருக்கார், இத்தனை வருஷத்துல அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை, அதான் பயமா இருக்கு என்றார்கள். ஆட்டோவில் ஓடினேன். அவர் அங்கே சட்டை பட்டனெல்லாம் போட்டுக்கொண்டு ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

பட்டாளத்துக் கார்டு வைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு வாரம் டெஸ்ட் எடுத்தார்கள். நுரையீரலில் புற்று, மற்ற இடத்துக்கும் போய்விட்டது, ஆபரேஷனுக்கெல்லாம் நேரம் தாண்டிவிட்டது, ரெண்டு மூணு மாசம் என்று டாக்டர் என்னையும் கரோலையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அப்பாவிடம் நாங்கள் சொல்லவில்லை, அவரே டாக்டரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். நான் உள்ளே போனபோது, டெரன்ஸை வரச் சொல்லு என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை, எத்தனை நாள் என்று கேட்கவில்லை. நான் சரி என்றேன். வராந்தாவுக்கு வந்து போனைக் கையில் எடுத்தேன், உன் பேர் வரைக்கும் போனேன். அப்போதுதான் சான்ட்ரா நினைவு வந்தது.

அந்த வாரம்தானே அவளைப் படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லியிருந்தார். ஏற்கெனவே ரெண்டு தடவை கரு நிற்கவில்லை. இது ஆறாம் மாசம் தாண்டி நிற்கிறது, நீதான் சமைத்து, குளிப்பாட்டி, வேலைக்கும் போய் வருகிறாய் என்று அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னாய். நான் கூப்பிட்டால் நீ அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாய். ஒரு மாசமோ ரெண்டு மாசமோ, அப்பா இருக்கிற வரைக்கும் இங்கேயே இருப்பாய். அவள் அந்தப் பனி ஊரில் தனியாகக் கிடப்பாள்.

உனக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்று சின்ன வயசில் கேள்விப்பட்டிருப்பாய், நாங்கள் அதைப் பேசினதில்லை. கரோலுக்கு மூணு வருஷம் முன்னால். அப்பா லடாக்கில் இருந்தார். எனக்கு இருபத்து ரெண்டு வயசு. ஏழாம் மாசமே வலி வந்து, பக்கத்து வீட்டம்மா ரிக்‌ஷாவில் ஏற்றி விட்டார்கள், பிரசவ வார்டில் என் பக்கத்தில் எனக்கென்று ஒரு ஆள் இல்லை. பையன் அழாமலே பிறந்தான். நர்சம்மா துணியில் சுற்றிக் கொண்டுபோய்விட்டார்கள், முகத்தை ஒரு தரம் காட்டுங்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, கேட்கச் சொல்லிக் கொடுக்கவும் ஆள் இல்லை. தந்தி போய் அப்பா வந்து சேர ஒன்பது நாள். வந்தவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, ரெண்டு நாள் மேலே ஏறி ஓடு மாற்றினார். கீழே இருந்து நான் ஓடு எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் கிளம்பிப் போய்விட்டார். அப்புறம் அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசினதில்லை, நாற்பது வருஷத்துக்கு மேலாக. அவர் மறந்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன். ஆம்பிளைகளுக்கு மறந்துபோகும் என்று.

அதனால் போனை மூடிப் பைக்குள் வைத்தேன். உள்ளே போய் அப்பாவிடம், சொல்லிட்டேன், லீவு கேட்டிருக்கானாம், டிக்கெட் பார்க்கிறானாம் என்று சொன்னேன். கட்டின நாளிலிருந்து அவரிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான். அவர் தலையை ஆட்டினார். மறுநாள் காலையிலிருந்து என்னைச் சவரம் பண்ணிவிடச் சொல்வார். படுத்தபடியே கன்னத்தைக் காட்டுவார், நான் பண்ணிவிட்டால் தடவிப் பார்த்து இங்க விட்டுட்ட என்பார். பிள்ளை வரும்போது நோயாளி மாதிரி இருக்கக் கூடாதாம். சாயந்திரம் ஆனால், டெரன்ஸ் பேசினானா என்று கேட்பார். நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது நான் மாடிப்படிப் பக்கம் போய்ப் பேசினேன், அப்பா டியூட்டியில் இருக்கார், அப்பா தூங்குறார் என்று உன்னிடம் ஒரு பொய், நீ விசா பேப்பருக்குக் காத்திருக்கிறாய் என்று அவரிடம் ஒரு பொய். அப்பாதான் போனில் எப்போதும் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டாரே, உனக்கும் சந்தேகம் வரவில்லை. கரோல் ரெண்டு தடவை என்னோடு சண்டை போட்டாள். அவனுக்குச் சொல்லணும்மா, நாளைக்கு நம்மளை மன்னிக்க மாட்டான் என்று ஆஸ்பத்திரி கேண்டீனில் எல்லாரும் பார்க்கிற மாதிரி அழுதாள். நான் அவள் கையை என் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினேன். ஆகவே அவள் மேல் உனக்குக் கோபம் வேண்டாம். அவளை நான் கட்டிப்போட்டேன்.

ஆகஸ்டு நடுவில், ஒருநாளிலிருந்து அப்பா கேட்பதை நிறுத்திவிட்டார். சவரம் மட்டும் தினமும் நடந்தது. சாயந்திரம் ஆனால் நான் பயந்துகொண்டே உட்கார்ந்திருப்பேன், அவர் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, காபி குடிச்சியா என்று கேட்பார். வலி மருந்தில் மறதி வந்துவிட்டது போலும் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. இனி பொய் சொல்ல வேண்டாம் என்று. செப்டம்பர் நாலாம் தேதி காலை, வேளாங்கண்ணி மாதா கோயில் கொடி ஏறி ஒரு வாரம், சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் வைத்து அவஸ்தை பூசுதல் கொடுத்துவிட்டுப் போன அரை மணி நேரத்தில் மூச்சு நின்றது. கஷ்டப்படவில்லை. என் கை அவர் கையில் இருந்தது. அடக்கத்துக்கு முன்னாள் படைவீரர் சங்கத்திலிருந்து மூன்று பேர் வந்து சல்யூட் வைத்தார்கள், நீ உன் அத்தானின் போனில் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாய், குழிக்குள் இறக்குகிற நேரம் நெட்வொர்க் போய்விட்டது என்று அவர் சொன்னார்.

போன புதன்கிழமை ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். ஹபீபுர் ரஹ்மான் என்று பேர், திருவல்லிக்கேணியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு அடுத்த படுக்கை. அவரும் கிட்னிக்காக ஒரு மாசம் அங்கே கிடந்தவர். அப்பா அவரோடு இந்தியில் பேசிக்கொண்டே இருப்பார், எத்தனையோ வருஷம் கழித்துப் பட்டாளத்து இந்தி பேச ஆள் கிடைத்த சந்தோஷம். அவர் ஆகஸ்டு கடைசியில் வீட்டுக்குப் போய்விட்டார், அப்பா போனது இப்போதுதான் தெரியும் என்று, முட்டிவலியோடு பஸ் ஏறி விசாரிக்க வந்திருந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். அப்பாவின் போட்டோவைப் பார்த்தார். அப்புறம், ஹவில்தார் சாப் என்கிட்ட ஒரு வார்த்தை வாங்கியிருந்தார்மா, அவர் இருந்தவரைக்கும் காப்பாத்திட்டேன், இனிமே சொன்னா தப்பில்லைன்னு தோணுது என்று ஆரம்பித்தார்.

ஆகஸ்டில் ஒருநாள் காலை ஏழு மணி, நான் குளித்துச் சமைத்துக் கொண்டுவர வீட்டுக்கு வந்திருந்த நேரம். அப்பா சட்டைப்பையிலிருந்த குட்டி டைரியில் உன் நம்பரைக் காட்டி, பாய், உங்க போன்ல இதைப் போட்டுக் குடுங்க என்று கேட்டாராம். உனக்கு அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரமாக இருந்திருக்கும். என்ன பேசினார் என்று என்னைவிட உனக்குத்தான் தெரியும். சான்ட்ரா என்ன சாப்பிடுகிறாள், குளிர் எப்படி, லீவு போட்டாவது கூடவே இரு என்று அஞ்சு நிமிஷம் பேசினாராம். நீ சிரித்துப் பேசினது பக்கத்துப் படுக்கைக்குக் கேட்டதாம். டிக்கெட் பற்றியோ ஆஸ்பத்திரி பற்றியோ நீ ஒன்றும் கேட்கவில்லை, அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. போனைத் திருப்பிக் கொடுத்தாராம். ஏன் சாப், உடம்பு முடியலைன்னு பிள்ளைகிட்ட ஏன் சொல்லல என்று பாய் கேட்டதற்கு அப்பா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"என் சம்சாரம் அவன்கிட்ட சொல்லல பாய். மொத பிள்ளை செத்துப் பொறந்தப்போ அவ பக்கத்துல யாரும் இல்ல, நான் மலை மேல இருந்தேன். அந்தப் பொண்ணும் அப்படித் தனியா கெடக்கக் கூடாதுன்னு நெனச்சிருப்பா. அவன் அங்கயே இருக்கட்டும். எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லாதீங்க. பாவம், ரொம்ப சிரமப்பட்டுப் பொய் சொல்றா."

பாய் போன பிறகு டீ டம்ளரைக்கூட எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கரோல் பள்ளிக்கூடம் விட்டு வந்து லைட்டைப் போட்ட பிறகுதான் இருட்டிவிட்டது தெரிந்தது. அவர் மறக்கவில்லை தம்பி. அந்த ஒன்பது நாளையும் அந்தப் பிள்ளையையும் இத்தனை வருஷம் மனசில் வைத்துக்கொண்டு, யாரோ ஒரு பாயிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லியிருந்தால் நானும் ஒரு தரம் அழுதிருப்பேன். உன்னைப் பார்க்க வேண்டுமென்கிற ஆசையை விழுங்கிக்கொண்டு, தினமும் எனக்குக் கன்னத்தைக் காட்டியிருக்கிறார். அதை எல்லாம் நினைக்க இப்போது எனக்குத் தெம்பில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நினைக்கிறேன். அடக்கத்தன்று நீ ஏன் அந்தக் கேள்வி கேட்டாய் என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. சாவதற்கு மூணு வாரம் முன்னால் அஞ்சு நிமிஷம் பேசின அப்பா நமக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே, நாம் வர வேண்டாம் என்று நினைத்தாரே என்று இந்த ரெண்டு மாசமாக எவ்வளவு வெந்திருப்பாய்.

நான் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. போன மாசம் நல்லபடியாகப் பிரசவமாகி, குட்டியின் போட்டோவை உனக்குத் தெரியாமல் சான்ட்ரா அனுப்பியிருந்தாள், அதைப் பார்க்கும்போது சரி என்று தோன்றுகிறது. அப்பாவின் சட்டையை மடித்து வைக்கும்போது தப்பு என்று தோன்றுகிறது. மன்னித்துவிடு என்று எழுதப் பார்த்தேன். மறுபடி அந்த வராந்தாவில் நின்றால் அதையேதான் செய்வேனோ என்று பயமாக இருப்பதால், அந்த வார்த்தையை எழுதவில்லை. உன் அப்பாவைக் கடைசியாகப் பார்க்கிற பாக்கியத்தை உன்னிடமிருந்து நான் எடுத்தேன். அது எனக்குத் தெரியும் என்று மட்டும் நீ தெரிந்துகொள். என்னோடு பேசுவதும் பேசாததும் உன் மனசு. கரோலுக்கு மட்டும் முதலில் போன் பண்ணு, அவள் ரெண்டு மாசமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. அபார்ட்மெண்டில் இருந்த அவருடைய விசிலையும் டார்ச்சையும் மாமி கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

குட்டிக்கு ஞானஸ்நானம் எப்போது வைக்கிறீர்கள் என்று சான்ட்ராவைக் கேட்டுச் சொல், தள்ளிப்போடாதே. தலைக்குக் குல்லா போடாமல் வெளியே தூக்கிப் போகாதே. சான்ட்ராவுக்குப் பூண்டு சேர்த்துக் கொடு, நீயும் ஷிஃப்ட் ஷிஃப்டாக ஓடி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, அப்பாவிடம் எல்லாம் எடுத்துக்கொள், ஓய்வெடுக்காமல் உழைப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளாதே. சாந்தோம் மாதா உங்கள் மூன்று பேரையும் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உங்களுக்கு எப்போதும் உண்டு.

இந்த இடத்தில் முதலில், இதைச் சான்ட்ராவிடம் காட்டாதே, தன்னால்தான் என்று மனசு ஒடிந்துபோவாள் என்று எழுதியிருந்தேன். அடித்திருக்கிறேன் பார். இனி ஒருத்தரிடமிருந்து ஒன்றை மறைத்து வைக்க என்னால் முடியாது தம்பி. காட்டுவதா வேண்டாமா என்று நீயே பார்த்துக்கொள்.

உன் அம்மா,
மர்சலின் பவுல்சாமி